சலவைக் கூடையோடு நின்ற பெண்

சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்களுக்கு முதலில் சுடச்சுடக் காபியும், பன்னும், அதன் மேல் ஊற்றிக்கொள்ள சாசேஜ் குழம்பும் கொடுத்துவிடுவேன். வயிறு காய்ந்தவன் காது கொடுத்துக் கேட்கமாட்டான். டிடெக்டிவ் பிரிச்சர்ட், உங்களுக்கு இது நன்றாகவே தெரியும். நான்கு வருடத்துக்கு முன் நீங்களும் அந்த மேசையில் உட்கார்ந்து மூன்று பன் சாப்பிட்டீர்கள். நான்காவதைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டதையும் பார்த்தேன்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொல்லி இந்த மஞ்சள் தாள்களைக் கொடுத்திருக்கிறீர்கள். வக்கீல் வரும்வரை பொறுக்கலாம் என்றீர்கள். வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். ராய்ஸ் டாக்கெட் இரண்டு நாளாகப் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, "நான்தான் கொன்னேன், எம் பொண்ணுன்னு தெரிஞ்சேதான் சுட்டேன், என்னை உள்ள போடுங்க" என்று பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது பொய். அந்தப் பொய்யை நம்பி நீங்கள் அவரைச் சிறைக்கு அனுப்பிவிடக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் ஆர்லீன் ஸ்டக்கி. வயது அறுபத்து மூன்று. இந்தக் கவுண்டியின் சிறையில் இருபத்திரண்டு வருடம் காவலராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, சட்டைக்குள் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ள விரும்பும் சாதாரண ஜனங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கடை வைத்திருக்கிறவர்கள், நர்ஸுகள், தனியாக இருக்கிற பெண்கள் என்று எல்லாரும் வருவார்கள். குறி பார்த்துச் சுடுவதை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம். என் வகுப்பு இருட்டைப் பற்றியது.

எங்கள் பக்கத்தில் இரண்டு ஆண்கள் வண்டியின் பின்பலகையை இறக்கிவிட்டு உட்கார்ந்தால், முதலில் மான் வேட்டையைப் பற்றிப் பேசுவார்கள். அது தீர்ந்ததும் விளக்குச் சண்டை ஆரம்பித்துவிடும். விளக்கைக் கையில் வைத்துக்கொள்வதா, துப்பாக்கியின் முன்பக்கத்திலேயே மாட்டிவிடுவதா. மாட்டச் சொல்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை. இரண்டு கையும் துப்பாக்கியைப் பிடிக்கும், குறி தப்பாது. கதவைத் திறக்கவோ போன் பேசவோ ஒரு கையை எடுத்தாலும் விளக்கு இருக்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் துப்பாக்கி விளக்கை ஒருவன் மேல் அடித்துப் பார்க்கிறீர்கள் என்றால், அவன் யாரென்று தெரிவதற்கு முன்பே அவன் நெஞ்சுக்குக் குறி வைத்துவிட்டீர்கள் என்றுதான் அர்த்தம். கை விளக்கை அடித்தால் அது வெறும் பார்வை. பக்கத்து வீட்டுக்காரனோ, குடித்துவிட்டு வாசல் மாறி வந்தவனோ, கண் கூசித் திட்டுவான். திட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம். அதனால் துப்பாக்கியில் விளக்கு இருந்தாலும் கையில் ஒன்று தனியாக வேண்டும் என்பேன். முதலில் பாருங்கள், பிறகு தேவைப்பட்டால் உருவுங்கள் என்பேன்.

இதைப் பேசிப் புரியவைக்க முடியாது. அதனால்தான் அந்த அட்டை மனிதர்கள். ஜன்னலை மூடிய கொட்டகையில் பன்னிரண்டு அட்டைகளை நிறுத்தி, மாணவரை உள்ளே அனுப்புவேன். ஏழு பேர் கையில் துப்பாக்கி. மீதி ஐந்து பேர் அப்பாவிகள். ஒருத்தன் போன் வைத்திருப்பான், ஒருத்தன் பீட்சா டப்பா, ஒரு பெண் சலவைக் கூடையோடு நிற்பாள். நீங்கள் சலவைக் கூடைக்காரியை இரண்டு முறை சுட்டீர்கள் பிரிச்சர்ட். வெட்கப்படாதீர்கள், முதல் தடவை பாதிப்பேர் அவளைத்தான் சுடுவார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எல்லாரும் வாயை மூடிக்கொண்டு போவார்கள். அந்த மௌனம்தான் என் பாடம்.

ராய்ஸ் மட்டும் சிரித்துக்கொண்டே போனார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு புல்வெளிதான். மூன்று வருடத்துக்கு முன் வகுப்பில் சேர்ந்தபோதே என் தலையைத் தின்றார்.

"மிஸ் ஆர்லீன், கடவுள் எனக்கு ரெண்டு கைதான் குடுத்திருக்காரு. டார்ச்சுக்கு மூணாவது கைக்கு எங்க போவேன்?"

"யோசிக்க ஒரு தலையும் குடுத்தாரே ராய்ஸ். அதைக் கொஞ்சம் உபயோகப்படுத்துங்க."

"அதை டைவர்ஸ்ல அவ எடுத்துட்டுப் போயிட்டா."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கூடைக்காரியை அவர் மூன்று முறை சுட்டார். அடுத்த முறை சரியாகச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் அப்புறம் வகுப்புப் பக்கமே வரவில்லை. துப்பாக்கியில் விலை உயர்ந்த விளக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டினார்.

இரண்டு வருடத்துக்கு முன் என் மகன் கர்ட்டுக்கு இருபத்தொன்பது வயது. என்னோடுதான் இருந்தான். புயலில் விழுந்த ஓக் மரத்தை அறுக்க ராய்ஸின் பெட்ரோல் ரம்பத்தை வாங்கி வந்திருந்தான். ஒரு சனிக்கிழமை மாட்டுத் தீவனக் கடையில் அவரைப் பார்த்து, "நாளைக்கு சாயங்காலம் அஞ்சரைக்குக் கொண்டாந்து ஷெட்ல வெச்சுடறேன்" என்று சொன்னான். அன்றிரவுதான் நவம்பரில் எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைக்கிற இரவு. முந்தின நாள் ஐந்தரைக்கு வெயில் இருந்தது. ஞாயிறு ஐந்தரைக்குக் கும்மிருட்டு. கர்ட்டின் போன் தானாகவே மாறிக்கொண்டது. ராய்ஸின் சமையலறைக் கடிகாரத்தை அவர் மாற்றவில்லை. அவர் எதையுமே அன்றைக்கே செய்கிறவர் இல்லை. அந்தக் கடிகாரத்தில் ஆறரை. இனிமேல் கர்ட் வரமாட்டான் என்று அவர் முடிவு கட்டியிருந்தபோது ஷெட்டில் சத்தம் கேட்டது.

பின்கதவைத் திறந்து துப்பாக்கி விளக்கை அடித்தார். கையில் நீளமாக எதையோ பிடித்துக்கொண்டு ஒருவன் திரும்பினான். இரண்டு குண்டு. பதினான்கு அடி தூரம். ராய்ஸே ஓடிவந்து என் கதவைத் தட்டினார்.

"கர்ட்டுன்னு தெரியல மிஸ் ஆர்லீன். வெளிச்சம் விழுந்துச்சு, வெரல் தானா அழுத்திடுச்சு."

இதை அவர் எத்தனையோ பேரிடம் சொல்லி அழுதார். வழக்குப் போடலாமா என்று முடிவு செய்கிற ஜூரியிடமும் சொன்னார். அவருடைய நிலம், இருட்டு, யாரென்று தெரியாத ஆள். வழக்கே தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான் அவரை வெறுத்தேன். இதை மென்று விழுங்கிச் சொல்ல எனக்கு அவசியம் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது வெறுத்தேன், தபால் எடுக்கப் போகும்போது வெறுத்தேன். ஆனால் அடுத்த மாதமே சர்ச்சில் எல்லார் முன்னாலும் எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டேன். பெண்கள் அழுதார்கள். அந்த வாரம் முழுக்க என் வீட்டுக்கு யாராவது எதையாவது சமைத்துக்கொண்டு வந்தார்கள், ஃபிரிட்ஜில் வைக்க இடமில்லாமல் போயிற்று. மன்னித்தால் பக்கத்தில் போகலாம். மன்னிக்காதவளை அவர் புல்வெளிக்கு அந்தப் பக்கமே வைத்திருப்பார்.

அந்த நேரத்தில் எனக்குத் திட்டம் எதுவும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வருடம் சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ராய்ஸ் மாறிவிட்டார். துப்பாக்கி விளக்கைக் கழற்றி ஏரியில் எறிந்தார். நல்ல கை டார்ச் ஒன்று வாங்கி மணிக்கட்டில் கயிறு போட்டு மாட்டிக்கொண்டார். வீட்டின் நாலு பக்கமும் பல்பு போட்டார். கதவைத் திறக்குமுன் "யாரது?" என்று உரக்கக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். என் வகுப்புக்குத் திரும்பி வந்து, பன்னிரண்டு அட்டையில் ஒரு அப்பாவியைக்கூடத் தொடாமல் வெளியே வந்தார். இத்தனை வருடத்தில் அதைச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் பிள்ளை செத்து, அவர் நல்ல மாணவர் ஆகிவிட்டார். கர்ட் அவருக்கு ஒரு பாடப்புத்தகம், படித்து முடித்தாயிற்று. வாரா வாரம் வந்து எனக்கு விறகு பிளந்து அடுக்கிவிட்டு, கொஞ்சம் நிம்மதியான முகத்தோடு திரும்பிப் போவார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்தேன். அவர் கற்றுக்கொண்டதை நான் திரும்ப எடுத்துக்கொள்வது என்று.

இந்த ஜனவரியில் ஆரம்பித்தேன்.

"ராய்ஸ், நீங்க பயந்துபோய் இருக்கீங்க. பயந்தவர் கையில துப்பாக்கி இருக்கிறது நல்லதில்ல. முதல்லேர்ந்து ஆரம்பிப்போம், வியாழக்கிழமை வியாழக்கிழமை வாங்க, நாம ரெண்டு பேர் மட்டும்."

"என்ன வேணா சொல்லுங்க, செய்யறேன். துப்பாக்கில விளக்கு மட்டும் வேணாம் மிஸ் ஆர்லீன்."

"அன்னிக்குத் தப்பு விளக்கு மேல இல்ல. உங்களுக்குப் பழக்கம் பத்தல, அவ்வளவுதான். கர்ட்டோட அம்மா நானே சொல்றேன்."

அவர் அழுதார். அவருடைய பிறந்தநாளுக்குக் கொடுக்க வாங்கியிருந்த விளக்கை, பத்து மாதம் முன்னாலேயே, என் கையாலேயே துப்பாக்கியில் மாட்டிவிட்டேன். மாட்டச் சொல்கிறவர்கள் சொல்லும் காரணங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். இரண்டு கை, குறி, கதவு, போன். ஒரு வார்த்தை பொய் இல்லை, எந்தப் பயிற்சியாளரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேளுங்கள். மணிக்கட்டில் தொங்கும் டார்ச் கையை இழுக்கிறது பாருங்கள் என்றேன். கழற்றினார். நாலு பக்கமும் பல்பு எரிந்தால் நீங்கள் வெளிச்சத்தில் நிற்பீர்கள், வருகிறவன் இருட்டில் நிற்பான் என்றேன். பல்புகளை அணைத்தார். "யாரது?" என்று கத்தினால் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுப்பீர்கள் என்றேன். கத்துவதையும் விட்டார். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான அறிவுரை.

சலவைக் கூடைக்காரியைக் கொட்டகையிலிருந்து எடுத்துவிட்டேன். பீட்சாக்காரன், போன்காரன், எல்லாரையும். பன்னிரண்டு அட்டையிலும் துப்பாக்கி. வெளிச்சம் பட்ட ஆள் எவனாக இருந்தாலும் சுட வேண்டியவன்தான். நாற்பது வியாழக்கிழமை இப்படி. ஒரே ஒருமுறை கேட்டார்.

"அந்தக் கூடைக்காரம்மா எங்க போனாங்க? எனக்கு அவங்களைப் பார்த்தாதான் கை நிதானமா இருக்கும்."

"மழையில நனைஞ்சு ஊறிப்போச்சு ராய்ஸ். புதுசு ஆர்டர் பண்ணியிருக்கேன்."

அது நான் அவரிடம் சொன்ன முதல் பொய். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ஆரம்பத்தில் விளக்கை அடித்துவிட்டு இரண்டு விநாடி தயங்குவார். ஜூலையில் ஒரு விநாடி. அக்டோபரில் விளக்கும் வெடியும் ஒன்றாகவே வந்தன. "இப்பத்தான் கை நடுக்கம் போயிருக்கு, உங்க புண்ணியம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இனி அவருடைய மகள் ரோண்டாவைப் பற்றி. முப்பத்து நான்கு வயது, இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை. கர்ட் போன பிறகு மாதம் ஒருமுறை என்னைப் பார்க்க வருவாள். சமையலறை நாற்காலியில் என்னை உட்காரவைத்து முடி வெட்டிவிடுவாள். அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்டு என்னைச் சங்கடப்படுத்தியதே இல்லை. சும்மா கூட இருப்பாள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல பெண். அவள் மேல் அவருக்கு அவ்வளவு பாசம் இல்லாவிட்டால், இதைச் செய்து ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது.

போன வாரம் அவளே போன் செய்தாள்.

"ஆர்லீன் ஆன்ட்டி, அப்பாவுக்கு அறுபது முடியுது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரேன்னு சொல்லியிருக்கேன். சனிக்கிழமையே போய் நின்னா எப்படி இருக்கும்?"

"பிரமாதமா இருக்கும் கண்ணு. வண்டியை என் வீட்டுல விட்டுடு, சத்தம் கேட்டா கண்டுபிடிச்சுடுவாரு. புல்வெளி வழியா ஷெட் பக்கம் போய் பின்கதவால நுழைஞ்சுடு. போன் டார்ச்சைப் போட்டுடாத, ஜன்னல்ல தெரியும்."

"நீங்க திருடப் போயிருந்தா பெரிய ஆளா வந்திருப்பீங்க ஆன்ட்டி."

இருவரும் சிரித்தோம். கதவைத் திறக்குமுன் "யாரது?" என்று கேட்கிற அப்பாவைத்தான் அவளுக்குத் தெரியும், எங்கள் வியாழக்கிழமைகளைப் பற்றித் தெரியாது. யோசனை அவளுடையது, வழி என்னுடையது. அவள் என்னைக் கூப்பிட்டதை நீங்கள் அவளுடைய போனிலேயே பார்த்திருப்பீர்கள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு வந்தாள். தேங்காய் கேக் செய்து தகர டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். ஒரு காபி குடித்தாள். என் முடி வளர்ந்துவிட்டதாகச் சொல்லி, நாளைக்குக் கிளம்புமுன் வெட்டிவிடுவதாகச் சொன்னாள். ஐந்து இருபதுக்கெல்லாம் நன்றாக இருட்டிவிட்டது. வாசலில் என்னைக் கட்டிக்கொண்டுவிட்டு, டப்பாவை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி புல்வெளியில் இறங்கினாள். நான் உள்ளே வந்து ராய்ஸுக்குப் போன் செய்தேன்.

"ராய்ஸ், யாரோ ஒரு ஆள் என் கொல்லை வழியா உங்க ஷெட் பக்கம் போறான். கையில என்னமோ இருக்கு."

"ஷெரிஃப் ஆபீஸைக் கூப்பிடட்டுமா?"

"நான் கூப்பிடறேன். நீங்க பதறாதீங்க. பழகினபடி செய்ங்க."

யாரோ ஒரு ஆள் என்றது இரண்டாவது பொய், கூப்பிடுகிறேன் என்றது மூன்றாவது. நான் யாரையும் கூப்பிடவில்லை. அவள் குடித்த காபிக் கோப்பையைக் கழுவிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தேன். பாதியில் அவளைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு மேலேயே இருந்தது. கோப்பையைத் துடைத்து அலமாரியில் வைத்தேன். அந்தப் பக்கம் வெளிச்சமும் வெடியும் சேர்ந்தே வந்தன, நடுவில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. அதைவிட வேகமாக என் மாணவர் யாரும் சுட்டதில்லை.

பிறகு நான் என் கை டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். ராய்ஸ் பின்படியில் நின்று, "கீழ விழுந்துட்டான், கிட்ட வராதீங்க மிஸ் ஆர்லீன், கூட வேற எவனாவது இருக்கப் போறான்" என்றார். என்னைக் காப்பாற்றப் பார்த்தார். துப்பாக்கி விளக்கு இருக்கிறதே, அது நெஞ்சைத்தான் காட்டும். குறி அங்கேதான் இருக்கும். முகம் சரியாகத் தெரியாது. நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறபடியே முதலில் விளக்கைத் தரையில் காட்டினேன். நசுங்கிய டப்பா தெரிந்தது. மெதுவாக மேலே கொண்டுபோனேன். முகத்துக்கு வந்ததும் அங்கேயே நிறுத்தி, கை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். அவருக்கு நன்றாகத் தெரிகிறவரை பிடித்திருந்தேன்.

ரோண்டா டாக்கெட்டை நான்தான் கொன்றேன். விரல் அவருடையது, மற்றதெல்லாம் என்னுடையது. தற்செயல் இல்லை, ஆத்திரத்தில் செய்ததும் இல்லை. பத்து மாதம் யோசித்துச் செய்தது. எந்தக் கோர்ட்டிலும் இதையே சொல்வேன். விசாரணை, சாட்சி என்றெல்லாம் இழுக்க வேண்டியதில்லை. குற்றத்தை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். பழி வாங்கினாள் என்று செய்தித்தாள்காரர்கள் எழுதுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நியாயம் ஒரு தடவை இந்த ஊரில் பாதியில் நின்றுவிட்டது, நான் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன், அவ்வளவுதான்.

அதனால் ராய்ஸை விட்டுவிடுங்கள். சிறை அவருக்கு வேண்டாம். இருபத்திரண்டு வருடம் அங்கே வேலை பார்த்தவள் சொல்கிறேன். செய்ததை நினைத்துத் துடித்துக்கொண்டு வருகிறவன், தண்டனை என்று ஒன்று கிடைத்த அன்றே குறட்டை விட்டுத் தூங்குவதை எத்தனையோ தடவை கம்பிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். தட்டில் சோறு வரும், எண்ணிக்கொண்டிருக்க நாட்கள் இருக்கும், ஒருநாள் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று தோன்றிவிடும். அவர் அதைத்தான் கேட்கிறார். கொடுக்காதீர்கள். அவர் வீட்டுக்குப் போகட்டும், பின்கதவைத் திறக்கட்டும், அந்தப் படியில் உட்காரட்டும். நல்ல ஆரோக்கியம், அவர்கள் குடும்பத்தில் எல்லாரும் தொண்ணூறு வரை இருப்பார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் எழுதிய இந்தத் தாள்களை அவர் கண்ணில் மட்டும் காட்டிவிடாதீர்கள். படித்தால் தன் மேல் தப்பில்லை என்று நினைத்துக்கொள்வார்.